கழுத்து பிடிச்சிருக்கு

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல அலாரம் அடிக்குது, நிறுத்தலாம்னு இடது பக்கம் திரும்பினா கண்ணு மட்டும்தான் திரும்புது, தலை இருந்த இடத்துலயே கிடக்கு. கழுத்தும் தோளும் சேர்ற இடத்துல துணி காயப்போடற கிளிப்பை மாட்டிவிட்ட மாதிரி ஒரு கவ்வல். மெதுவா எழுந்து உக்காந்து, தலையை ஆட்டாம, உடம்போட சேர்த்து மொத்தமா திரும்பி போனை எடுத்து அம்மாவுக்கு அடிச்சேன்.

"அம்மா, கழுத்து பிடிச்சிருக்கும்மா."

"எது, அந்த மூணாவதா? நானும் அதைத்தான் நெனச்சேன், ஆனா பின்னாடி ரொம்ப இறக்கமா இருக்கேடி."

விஷயம் என்னன்னா முந்தின நாள் ராத்திரி அம்மா வாட்ஸப்புல ப்ளவுஸ் டிசைன் அஞ்சாறு அனுப்பி எந்தக் கழுத்து வைக்கலாம்னு கேட்டிருந்தாங்க, நான் பார்த்துட்டு பதில் போடாம தூங்கிட்டேன். இப்ப நான் வலியில முனகறேன், அவங்க டெய்லர்கிட்ட என்ன சொல்லணும்னு கேட்டுட்டு இருக்காங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. சிரிக்கவும் முடியல, சிரிச்சா அந்த கிளிப் இன்னும் இறுக்குது.

அன்னிக்கு படுத்தே கிடந்ததால இந்த பிடிச்சிருக்கு பத்தி யோசிக்க நிறைய நேரம் இருந்துச்சு. ஒரே வினைச்சொல்லை வச்சுக்கிட்டு நாம என்னென்ன பண்றோம் பாருங்க. பொண்ணு பிடிச்சிருக்கு, சளி பிடிச்சிருக்கு, பேய் பிடிச்சிருக்கு, சனி பிடிச்சிருக்கு, கழுத்து பிடிச்சிருக்கு. அதுல சளி, பேய், சனி எல்லாம் வெளியிலேர்ந்து வந்து நம்மளைப் பிடிக்கிற ஆளுங்க. கழுத்து மட்டும் தன்னைத்தானே பிடிச்சுக்கும், அதனாலதான் வலி ஜாஸ்தியா இருக்கிறவங்க பிடிச்சிருக்குன்னு சொல்லாம "பிடிச்சுக்கிச்சு"ன்னு சொல்றாங்க. நானும் அந்த "க்கி"யைச் சேர்த்துச் சொல்லியிருந்தா அம்மாவுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, "நான் கழுத்தைச் சுளுக்கிட்டேன்"னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. "எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு"ன்னுதான் சொல்வோம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சோபா கையில தலையை வச்சு போன் பார்த்தது நானு, ஆனா வாக்கியத்துல நான் "எனக்கு"ன்னு ஒரு ஓரமா நிக்கிறேன், குத்தம் பூரா கழுத்து மேல. பசிக்குது, குளிருது, வலிக்குது எல்லாமே இப்படித்தான் "எனக்கு"ன்னு ஆரம்பிக்கும், உடம்பு பண்ற வேலைக்கு நாம பொறுப்பு இல்லங்கிற மாதிரி. நல்ல வசதி.

சரி, நடந்ததைச் சொல்றேன். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள என் கழுத்துக்கு நாலு பேர் நாலு பேரு வச்சாங்க. அம்மா சொன்னது சுளுக்கு. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துட்டு "இது சுளுக்கு இல்லம்மா, வாயு. வாயு போய் அங்க நின்னுக்கிச்சு"ன்னாங்க. ஆபீஸ்ல லீவு சொல்ல போன் பண்ணா கூட வேலை பாக்குறவர் "ஐயோ நரம்பு பிசகியிருக்கும் மேடம், விளையாடாதீங்க, ஸ்கேன் எடுத்துருங்க"ன்னு கிலி கிளப்பினாரு. கடைசியா டாக்டர் சீட்டுல மசில் ஸ்பாசம்னு எழுதினாங்க. நாலு பேரும் பார்த்தது ஒரே கழுத்தை. ஆனா கூப்பிட்ட பேரைப் பொறுத்து வைத்தியம் மாறிடுது, அதான் எனக்கு பெரிய ஆச்சரியமா போச்சு. சுளுக்குன்னு சொன்னவங்க வழிக்கணும், நீவணும், எடுக்கணும்னு கையைக் கொண்டு வர்றாங்க. வாயுன்னவங்க பூண்டும் ஓமமும் எடுத்துட்டு வர்றாங்க, கழுத்துல இருக்கிறதை வயித்து வழியா வெளிய அனுப்பப் போறாங்க. நரம்புன்னவர் பயத்தைக் கொடுத்துட்டு போறாரு. பிடிப்புன்னு சொல்லியிருந்தா ஒத்தடம்னு முடிஞ்சிருக்கும், ஏன்னா பிடிச்சது விடணும், அவ்வளவுதான். "பிடிப்பு விட்டுருச்சு"ன்னு சொல்றோமே தவிர "பிடிப்பு குணமாயிருச்சு"ன்னு சொல்றதில்லயே.

இதுல எனக்கு ஒரு சொந்தக் குத்த உணர்ச்சியும் இருக்கு. நான் பகுதிநேரமா மொழிபெயர்ப்பு பண்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பிசியோதெரபி நிலையத்துக்காக நாலு பக்க துண்டறிக்கை ஒன்னு தமிழ்ல பண்ணிக் கொடுத்தேன், அதுக்கு தலைப்பு நான் வச்சது "கழுத்துத் தசை இசிவு". கலைச்சொல் பட்டியல்ல ஸ்பாசத்துக்கு இசிவுன்னு இருந்துச்சு, சுத்தத் தமிழ், ரெண்டு அசையில முடியுது, பெருமையா அனுப்பி வச்சேன். அந்த அறிக்கையைப் படிச்ச என் தோழி, யாழ்ப்பாணத்துக்காரி, போன் பண்ணி "இதென்ன, ஏற்புவலியோ?"ன்னு கேட்டா. அவங்க ஊர்ல டெட்டனஸுக்கு ஏற்புவலின்னு பேரு, அதுக்குப் போடற ஊசி ஏற்பூசி. இங்க இருக்கிற வயசானவங்களுக்கும் இசிவுன்னா ஜன்னி கண்டு கை கால் வெட்டி இழுக்கிறதுதான் ஞாபகம் வரும். தூங்கி எழுந்தப்ப கழுத்து திரும்பாதவங்க கையில நான் ஜன்னியைக் கொடுத்திருக்கேன். அன்னிக்கு அதைப் பெருசா எடுத்துக்கல. இந்த செவ்வாய்க்கிழமை வலியில கிடக்கும்போது என் வாயிலேர்ந்து இசிவுங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரலையே, அப்பதான் உறைச்சுது.

சுளுக்குக்கு வருவோம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வார்த்தை அதுதான் (இந்த பிடிச்ச அந்தப் பிடிச்ச இல்ல). சொல்லிப் பாருங்க, ளு-வுல நாக்கு மடங்கி மேல போய், க்கு-ல டக்குனு மாட்டிக்குது. வார்த்தையே சுளுக்கிக்கிற மாதிரி இருக்கு. முகம் சுளிக்கிறதுல வர்ற சுளிப்பும் இதுக்கு சொந்தக்காரன் மாதிரிதான் என் காதுக்குக் கேக்குது, ரெண்டுலயும் நேரா இருந்தது ஒன்னு கோணிக்குது. தோழிகிட்ட கழுத்து விஷயம் சொன்னப்ப அவ கேட்டது "படுக்கேக்க உளுக்கிப் போட்டுதோ?". உளுக்கு! நான் முதல்ல அவளுக்கு ச வரலன்னு நெனச்சேன், ஆனா அகராதியிலயே உளுக்குதல்னு இருக்கு. மலையாளத்துல உளுக்குதான், கன்னடத்துலயும் கிட்டத்தட்ட அதேதான். சிறகு - இறகு, சிப்பி - இப்பின்னு முன்னாடி நிக்கிற சகரம் உதிர்ந்து போன ஜோடிங்க தமிழ்ல உண்டே, அந்த வரிசையிலதான் சுளுக்கு - உளுக்கும் வரும். அதே தோழிதான் இடுப்பு பிடிச்சுக்கிட்டா நாரிப்பிடிப்புன்னு சொல்லுவா, வலியை நோன்னு சொல்லுவா. "கழுத்து நோ"ன்னு அவ மெசேஜ் போட்டா இங்க இருக்கிற பசங்க கழுத்து வேண்டாம்னு சொல்றான்னு நெனச்சுப்பாங்க.

சுளுக்கு விழும், சுளுக்கு பிடிக்கும். போகும்போது அதுவா போகாது, யாராவது எடுக்கணும். அந்த எடுக்கிற வேலைதான் அடிதடி பக்கமும் போயிருச்சு, "உனக்கு சுளுக்கு எடுத்துருவேன் பாத்துக்கோ"ன்னு சொன்னா யாரும் தைலத்தை எதிர்பார்த்து உக்காந்திருக்க மாட்டாங்க. வணக்கம் வச்சா பதிலுக்கு சிரிக்காத மனுஷனைப் பார்த்து "சிரிச்சா வாய் சுளுக்கிக்குமோ"ம்போம். நீளமான மருந்துப் பேரு படிச்சா நாக்கு சுளுக்கும். ஆனா பாருங்க, மனசு சுளுக்காது. மனசுக்கு உளைச்சல் வரும், மூட்டுக்கு குடைச்சல் வரும், சுளுக்குக்குன்னு ஒரு மடங்குற, திரும்புற உறுப்பு வேணும். வாழ்க்கையில "பிடிப்பு" இல்லன்னு சொல்லலாம், அங்க பிடிப்பு இருந்தா நல்லது, கழுத்துல இருந்தா கஷ்டம்.

கெண்டைக்கால்ல வர்றது வேற ரகம், அதைக் கொரக்களின்னு சொல்றவங்க உண்டு, எழுத்துல குரக்குவலி. நடுராத்திரி காலை நீட்டும்போது உருண்டையா திரண்டுக்குமே, அது. அதே மாதிரி கழுத்துல வந்தா கொரக்களின்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, டாக்டருக்கு ரெண்டுமே தசை தானா சுருங்கறதுதான், நமக்கு ரெண்டும் வேற வேற. ஏன்னா கொரக்களி திடீர்னு வந்து ரெண்டு நிமிஷத்துல போயிரும், கழுத்து அப்படியா, தங்கிட்டு விருந்தாளி மாதிரி மூணு நாள் இருக்கும். இந்த வித்தியாசத்தை நம்ம பேச்சு சரியாவே பிடிச்சு வச்சிருக்குன்னு தோணுது.

நரம்புங்கிற வார்த்தைதான் எனக்கு தலைவலி. டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காந்திருந்த அரை மணி நேரத்துல மட்டும் "நரம்பு இழுக்குது", "நரம்பு கிடைக்கல" (இது ஊசி போடறவங்க), "நரம்புத் தளர்ச்சி", "நரம்பு முடிச்சு"ன்னு அத்தனையும் காதுல விழுந்துச்சு. கையில ஊசி குத்தறது ரத்தக் குழாய்ல, கால்ல முடிச்சு விழறதும் ரத்தக் குழாய்தான், கழுத்துல இழுக்கறது தசை, ஆனா தோலுக்கு அடியில நீளமா கயிறு மாதிரி எது தட்டுப்பட்டாலும் நமக்கு அது நரம்பு. தப்பு சொல்ல மாட்டேன், பழைய தமிழ்ல யாழ்ல கட்டற தந்திக்கும் நரம்புன்னுதான் பேரு, முறுக்கினா விறைச்சு நிக்கிற எதுவும் நரம்புதான். ஆனா இன்னிக்கு ஒருத்தர்கிட்ட போய் நரம்பு பிரச்சனைன்னு சொன்னா அவரு ராத்திரி தூங்க மாட்டாரு. நான் தூங்கல.

வலிங்கிறதே வேடிக்கையான வார்த்தை. வலின்னா பலம். திருக்குறள்ல 48வது அதிகாரம் வலியறிதல், அது வலி நிவாரணம் பத்தி இல்ல, பலத்தை எடை போடறது பத்தி. வலிக்கிறதுன்னா இழுக்கிறதும்தான், துடுப்பு வலிக்கிறதும்போமே. வலிப்புக்கு அந்தப் பேரு வந்ததும் இந்த இழுப்புலதான். ஒரு தசை தன் பலத்தையெல்லாம் காட்டி, நாம சொல்லாமயே இழுத்துக்கிட்டு நிக்குது, நமக்கு நோகுது. பலம், இழுப்பு, நோவு மூணும் இந்த ஒரே வார்த்தைக்குள்ள இருக்கு. ஸ்பாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த டாக்டரும் கொடுக்க முடியாதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

டாக்டரும் மோசமில்ல, நல்லாவே சொன்னாங்க. என் தோள்பட்டை எலும்போட மேல் உள்மூலையில ஒரு விரலை வச்சு அமுக்கினாங்க, நான் கத்தினேன், "இங்கதானே?"ன்னாங்க. கழுத்துல இருக்கிற ஏழு எலும்புல மேல இருக்கிற நாலுலேர்ந்து கிளம்பி ஒரு தசை கீழ இறங்கி அந்த மூலையில வந்து சேருதாம், லிவேட்டர் ஸ்கேப்புலேன்னு பேரு, தோள்பட்டையைத் தூக்கறது அதோட வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இடுக்கிட்டுப் பேசறோமே, அப்ப உழைக்கிற ஆளுங்கள்ல அதுவும் ஒன்னு. தலை ஏறக்குறைய அஞ்சு கிலோ, அதை ராத்திரி பூரா கோணலா விட்டா ஒரு பக்கத் தசை இழுபட்டே கிடக்கும், காலைல சட்டுனு திரும்பும்போது அது பயந்து போய் இறுக்கிக்கும், இறுக்கினா வலி, வலிச்சா இன்னும் இறுக்கும். "வலுக்கட்டாயமா திருப்பாதீங்க, சூடு ஒத்தடம் கொடுங்க, ஆனா ஆட்டாமயே வச்சிருக்காதீங்க, வலிக்காத அளவுக்கு மெல்ல மெல்ல அசைச்சுட்டே இருங்க, சில நாள்ல தானா விட்டுரும்"ன்னாங்க. அவங்களும் "விட்டுரும்"ன்னுதான் சொன்னாங்க. சீட்டுல மட்டும்தான் ஸ்பாசம், வாயில பிடிப்பு.

ஒன்னு மட்டும் அழுத்திச் சொன்னாங்க, அதை நானும் இங்க அழுத்தியே எழுதறேன்: காய்ச்சலும் கடுமையான தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைச்சா அதை சுளுக்குன்னு நெனச்சு தைலம் தேய்ச்சுட்டு இருக்கக் கூடாது, மூளைக்காய்ச்சலா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. கை மரத்துப் போறது, பலமில்லாம தொங்கறது, கீழ விழுந்தோ வண்டியில அடிபட்டோ வந்தது, இதெல்லாமும் வீட்டு வைத்தியத்துக்கு இல்ல. சுளுக்குங்கிற வார்த்தையில இருக்கிற ஒரே ஆபத்து இதுதான், அது எல்லாத்தையும் சின்ன விஷயமாக்கிடும். அப்புறம் முடிவெட்டற இடத்துல தலையைப் பிடிச்சு படக்குனு ஒடிச்சு சொடக்கு எடுப்பாங்களே, அதுவும் வேண்டாம்னாங்க. கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் போன ஆளுங்க இருக்காங்களாம். எங்க அண்ணன் வாரா வாரம் அதைப் பண்ணிக்கிறவன், சொன்னேன், கேட்டுக்கிட்டான், விடுவானான்னு தெரியல.

அம்மா வைத்தியம் சொல்லாம விட்டா கோவிச்சுப்பாங்க. கல்லுப்பை வறுத்து துணியில கட்டி ஒத்தடம், சரி, அது டாக்டர் சொன்ன சூடுதான். ரெண்டாவது, ரெட்டைப் பிள்ளையா பிறந்தவங்க யாரையாவது கூப்பிட்டு நீவச் சொல்லு. மூணாவது, கால் முன்னாடி வந்து பிறந்தவங்க லேசா மிதிச்சா போயிரும். கழுத்தை யார் மிதிக்க விடுவாங்கன்னு கேட்டேன், "கழுத்தை இல்லடி, முதுகை"ன்னாங்க. நாலாவது, தலையணையை எடுத்து வெயில்ல போடு.

இந்த நாலாவதை நான் சின்ன வயசுலேர்ந்து கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். கழுத்து என்கிட்ட இருக்கு, தலையணைக்கு ஏன் வைத்தியம்? ஆனா படுத்துக்கிட்டே தேடினப்ப ஒன்னு கிடைச்சுது, சீன மொழியில தூங்கி எழுந்து வர்ற கழுத்துச் சுளுக்குக்குப் பேரு லுவோ ஜென், பிரிச்சா முதல் எழுத்துக்கு விழறது, ரெண்டாவதுக்கு தலையணை. தலையணையிலேர்ந்து விழுந்த நோய். ஜப்பான்காரங்க நெச்சிகாயேன்னு சொல்றாங்க, தப்பா தூங்கினதுன்னு அர்த்தம். ஆங்கில மருத்துவம் லத்தீன்லேர்ந்து எடுத்த டார்ட்டிகோலிஸ்ல இருக்கிறது வெறும் முறுக்கின கழுத்து, குத்தவாளி யாருன்னு அதுல இல்ல. சீனாக்காரங்க பேருலயே தலையணையைக் குத்தவாளி ஆக்கிட்டாங்க, எங்க அம்மா பேருல சொல்லல, தண்டனையில சொல்றாங்க, வெயில்ல போடு அதை. என் தலையணையை எடுத்துப் பார்த்தேன், நடுவுல ஒரு பள்ளம், ஓரத்துல பஞ்சு கட்டி கட்டியா. வெயில்ல போட்டா பஞ்சு உப்பி வரும்தான். போட்டேன், அம்மாகிட்ட சொல்லல.

வெள்ளிக்கிழமை காலைல விட்டுருச்சு. பல் தேய்க்கும்போது கண்ணாடியில திரும்பிப் பார்த்துட்டு, ரெண்டு பக்கமும் திரும்புதேன்னு இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அன்னிக்கே உக்காந்து அந்தத் துண்டறிக்கை ஃபைலைத் தேடி எடுத்தேன். அந்த நிலையத்துக்கு எழுதினேன், தலைப்பை மாத்திக்கலாமா, காசு வேண்டாம்னு. அவங்களும் எப்படியோ மறுபடி அச்சடிக்கிற யோசனையில இருந்தாங்க போல, சரின்னாங்க. நான் கேட்டது "கழுத்து பிடிச்சுக்கிச்சா?". அது ரொம்பப் பேச்சு வழக்கா இருக்கு, கொஞ்சம் மரியாதையா வைங்கன்னாங்க. சுளுக்குன்னு வைக்கலாம்னா அது கால்ல வர்றது மாதிரி இருக்காம், இன்னொருத்தருக்கு அது அடி வாங்கின மாதிரி இருக்காம். கடைசியில பேப்பர்ல கிரிக்கெட் வீரர்களுக்கு எழுதுவாங்களே, அந்தத் தசைப்பிடிப்புல வந்து நின்னோம். "கழுத்தில் தசைப்பிடிப்பா?" எனக்கு முழு திருப்தி இல்ல, இருந்தாலும் ஜன்னியை விட எவ்வளவோ பரவாயில்ல, பிடிப்புங்கிற வார்த்தையாவது உள்ள இருக்கு.

போன வாரம் அச்சடிச்சு ஒரு கட்டு அனுப்பியிருந்தாங்க. அம்மா வந்திருந்தாங்க, நான் பிரிக்கிறதுக்குள்ள அவங்க ஒன்னை உருவி எடுத்துட்டாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு தலைப்பைப் படிச்சாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க, மறுபடி படிச்சாங்க.

"ஏண்டி, கழுத்து பூசினாப்ல இருந்தா என்ன, அதுக்கெல்லாமா பிசியோதெரபி பண்றாங்க?"

வாங்கிப் பார்த்தேன். டைப் பண்ணவர் யாரோ தசையைச் சதையாக்கி வச்சிருக்காரு. இலக்கணத்துல தசை, சதை ரெண்டும் ஒன்னுதான், எழுத்து இடம் மாறி வந்த போலின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம், ஆனா ஒரு பிடிப்பைச் சேர்த்துட்டா கதையே வேற. பெரிய எழுத்துல, நீலக் கலர்ல, கட்டு பூரா, "கழுத்தில் சதைப்பிடிப்பா? கவலை வேண்டாம்!"